புது ஆசிரியர்களுக்கான கோச்சிங் திட்டச் சேவை: பயன்படுத்திப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சேவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் எதைப் பெரிதாகக் காட்டுகிறார்களோ அதற்காக இல்லை. வண்ண வரைபடங்கள், முன்னேற்ற அறிக்கை, ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் பக்கம் இதெல்லாம் இல்லாமலே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். உருப்படியான விஷயம் ஒன்றுதான். கோச்சாக, அதாவது வழிகாட்டும் மூத்த ஆசிரியராக, ஒரு புது ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து முடித்துவிட்டு அவரோடு உட்காருகிறோமே, அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்க வைக்கிறது. யோசிக்காமல் தப்பிக்க விடுவதில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி சேவைகள் பல இருக்கின்றன, எதை எடுத்தாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் கிட்டத்தட்ட இவையேதான்.

என்ன கிடைக்கிறது என்றால், ஒரு செயலி, அதற்குள் கோச்சுக்கான திட்டமிடும் பக்கம், 'சிறு படிகள்' (புது ஆசிரியர் ஒரு வாரத்தில் செய்து பார்க்கக்கூடிய சின்ன மாற்றங்கள்) என்ற பெயரில் ஒரு நூலகம், வகுப்பு வீடியோவை ஏற்றிப் பார்க்கும் வசதி, அப்புறம் கோச்சுக்கே வழிகாட்ட ஒரு நிபுணர். அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசுவார். புது ஆசிரியருக்கு இந்தச் சேவை நேரடியாக எதையும் கற்றுத்தருவதில்லை. பள்ளியிலேயே இருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரைக் கோச்சாகத் தயார் செய்வதுதான் அதன் வேலை. இது தெரியாமல், புதிதாக வந்தவர்களை இதில் சேர்த்துவிட்டால் அவர்களே தேறிவிடுவார்கள் என்று நினைத்து வாங்கும் நிர்வாகங்களுக்கு ஏமாற்றம் நிச்சயம்.

இது இல்லாமல் இந்த வேலை வழக்கமாக எப்படி நடக்கும் என்று ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும். மூத்தவர் கடைசி வரிசையில் போய் உட்காருவார், தாள் நிறைய எழுதுவார், பெல் அடித்ததும் வராந்தாவில் நின்றபடியே, "நல்லா இருந்தது மிஸ், குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்க, போர்டுல எழுத்து பெரிசா இருக்கட்டும், பின்னாடி வரிசையையும் கவனிங்க, நேரத்தைப் பார்த்துக்குங்க, கேள்வி இன்னும் கேட்கலாம்" என்று கொட்டிவிட்டு அடுத்த பீரியடுக்கு ஓடிவிடுவார். புது ஆசிரியரும் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று தலையாட்டியிருப்பார். அடுத்த முறை போய்ப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. அவருக்கு அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. வகுப்பின் முன்னால் நிற்கும் புது ஆசிரியரின் தலைக்குள் ஏற்கெனவே பாடம், மணி, சத்தம், எழுதாமல் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பேர், அடுத்து என்ன சொல்வது என்று எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்றைக் கற்பவரின் நினைவில் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் தங்கும் என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களிலிருந்து எழுதிவருகிறார். மாணவர்களை மனதில் வைத்துச் சொன்னது அது, ஆசிரியரின் தலையும் அதே தலைதான். அதில் போய் ஐந்து அறிவுரையைத் திணித்தால் ஐந்தும் வெளியே விழுந்துவிடும்.

இந்தச் செயலி இங்கேதான் பிடிவாதம் பிடிக்கிறது. வகுப்பைப் பார்த்துவிட்டுத் திட்டமிடும் பக்கத்தைத் திறந்தால் பின்னூட்டத்துக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது. எழுதக்கூடிய நீளமும் ஒரு வாக்கியம்தான். இரண்டாவது படியைச் சேர்க்க பட்டனே கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மூன்று கேள்விகள்: இதை ஒரு வாரத்தில் செய்து முடிக்க முடியுமா? செய்தாரா இல்லையா என்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் பார்க்க முடியுமா? செய்தால் மாணவரிடம் எது மாறும்? 'மேம்படுத்த வேண்டும்', 'கவனம் செலுத்த வேண்டும்' என்று எழுதினால் மஞ்சள் கோடு போட்டு, யார், எப்போது, என்ன செய்வார் என்று கேட்கிறது. முதல் சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும். மாணவர் ஈடுபாட்டை அதிகரிக்க வேண்டும் என்று எழுதிப் பழகிய கை அல்லவா.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். கணக்கு எடுக்கும் புது ஆசிரியர், பின்னங்களைக் கூட்டும் பாடம். நன்றாகத்தான் விளக்கினார், கரும்பலகையில் படமும் சுத்தமாக இருந்தது. விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்றார். வகுப்பு ஒரே குரலில் "புரிஞ்சுது மிஸ்" என்றது. அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். பக்கத்து பெஞ்சில் இருந்த பையனின் நோட்டில் 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. அவனும் சேர்ந்துதான் "புரிஞ்சுது" என்று கத்தினான்.

இதைப் பார்த்துவிட்டு, மாணவர்களின் புரிதலை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று எழுதலாம். மஞ்சள் கோடு வரும். கடைசியில் பெட்டியில் நின்ற வாக்கியம் இது: "விளக்கி முடித்ததும் புரிஞ்சுதா என்று கேட்காமல் ஒரே ஒரு கணக்கை எல்லோரையும் நோட்டில் போடச் சொல்லி, நடந்துபோய் ஐந்து நோட்டைப் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போவது." இதில் எல்லாம் இருக்கிறது. எப்போது என்று தெரியும், என்ன செய்வது என்று தெரியும், செய்தாரா என்று கடைசி பெஞ்சிலிருந்தே சொல்லிவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு. ஐந்து நோட்டைப் பார்த்தால் 2/5 கண்ணில் படாமல் போகாது, பட்டதும் அடுத்த வாரத்துக்கான படி தானாகக் கிடைத்துவிடும், தவறான விடை வந்தால் என்ன செய்வது என்பதுதான் அது.

எந்தப் படியை முதலில் எடுப்பது என்பதில் செயலி அவ்வளவாக உதவுவதில்லை. இது கோச்சின் தலையில்தான் விழுகிறது. வகுப்பு அடங்கவே இல்லை என்றால் கேள்வி கேட்கும் நுட்பத்தைப் பேசிப் பயனில்லை, முதலில் கட்டளையை ஒரே இடத்தில் நின்று, தாள் எதையும் விநியோகிக்காமல், சொல்லி முடித்துவிட்டு அமைதியாக நிற்கப் பழக்க வேண்டும். ஆனால் எப்போதும் ஒழுங்கிலேயே நின்றுவிடுவதும் சரியில்லை. பல வகுப்புகளில் சத்தம் வருவதற்குக் காரணமே பிள்ளைகளுக்குச் செய்ய எதுவும் இல்லாததுதான். அந்த வகுப்பில் ஒழுங்குக்கான படியைக் கொடுத்தால் மேலே மூடி போட்டதோடு சரி.

இனி அந்தச் சந்திப்புக்கு வருவோம். திட்டப் பக்கத்தில் பாதி இடத்தை ஒத்திகைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். யார் மாணவராக நடிப்பது, முதல் தடவை என்ன விடை சொல்வது, இரண்டாம் தடவை எப்படிக் கடினமாக்குவது, ஆசிரியர் எங்கே நிற்பார், எந்த வாக்கியத்தில் தொடங்குவார், இதையெல்லாம் சந்திப்புக்கு முன்பே எழுதினால்தான் திட்டம் முடிந்ததாகக் காட்டுகிறது. ஆசிரியர் எழுந்து நின்று உண்மையிலேயே அந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கோச் மாணவராக உட்கார்ந்து 2/5 என்று எழுதிக் காட்ட வேண்டும். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். "தப்பு, திரும்பப் போடு" என்று சொல்வார், அல்லது தானே விடையைச் சொல்லிவிடுவார். அங்கேயே நிறுத்தி, "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறைஞ்சிடுமா?" என்று கேட்டுப்பார்க்கச் சொல்ல வேண்டும். மறுபடி நடிக்க வேண்டும். அந்தக் கேள்வி அவருடைய வாயில் இயல்பாக வரும்வரை.

கூச்சமாக இருக்கும். இரண்டு பெரியவர்கள் ஆளில்லாத வகுப்பில் நின்று நாடகம் போடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பல கோச்சுகள் இதைத் தவிர்த்துவிட்டு, அடுத்த வகுப்பில் முயற்சி செய்யுங்கள் என்று பேச்சோடு முடித்துக்கொள்வதற்கு அந்தக் கூச்சமே காரணம். ஆனால் பேசிவிட்டுப் போனால் அந்த முதல் முயற்சி நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நடக்கிறது. அங்கே சொதப்பினால் அந்த உத்தியையே ஆசிரியர் கைவிட்டுவிடுவார், "இது நம்ம வகுப்புக்குச் சரிப்படாது சார்" என்ற பதிலோடு.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்ஜினியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களைத் திரையில் தோன்றும் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளிவந்தது. ஒரு சாரார் இரண்டு சுற்றுக்கும் நடுவே தாங்களாகவே யோசித்துப் பார்த்தார்கள், மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் கோச்சிங் கிடைத்தது. கோச்சிங் பெற்றவர்கள் அடுத்த சுற்றில் தெளிவாக முன்னேறினார்கள், தாங்களாக யோசித்தவர்களிடம் அப்படி ஒரு முன்னேற்றம் இல்லை. ஐந்து நிமிடம் என்பதைக் கவனியுங்கள். நேரமே இல்லை என்று சொல்லும் பள்ளிகளுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

'எங்கே மேம்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று புது ஆசிரியரிடமே விட்டுவிடும் போக்கு எனக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதற்கும் இது ஒரு காரணம். ஆசிரியர் கோச்சிங் பற்றி எழுதும் ஜிம் நைட் வலியுறுத்தும் சமபங்காளி முறையில் ஆசிரியரே தன் இலக்கைத் தேர்ந்தெடுக்கிறார். இலக்கைக் கண்டறிவது, கற்பது, மேம்படுத்துவது என்று அதற்கு மூன்று கட்டம். பல வருடம் பாடம் எடுத்தவரிடம் அது அருமையாக வேலை செய்யும், அவரிடம் போய் 'ஐந்து நோட்டைப் பாருங்கள்' என்று சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வார். ஆனால் வேலைக்கு வந்து முதல் பருவத்தில் இருப்பவருக்குத் தன் வகுப்பில் எது கோளாறு என்றே கண்ணில் படாது. 2/5 எழுதிய நோட்டை அவர் பார்த்ததே இல்லையே. முதலில் கோச் சொல்லட்டும், இரண்டாம் பருவத்திலிருந்து படியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிரியரிடம் மாற்றலாம். சேவையின் அறிமுகக் கையேடு சமபங்காளி முறையைத்தான் புகழ்கிறது, திட்டப் பக்கமோ முழுக்கக் கோச் சொல்வதை ஆசிரியர் செய்யும் முறையில் இருக்கிறது. கையேட்டை எழுதியவரும் செயலியைச் செய்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அவர்களில் செயலி செய்தவர் பக்கம் நான்.

வீடியோ வசதி நன்றாக இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி பயன்படுத்தக் கூடாது. முழுப் பாடவேளையையும் பதிவு செய்து ஏற்றச் சொல்கிறார்கள். யார் உட்கார்ந்து பார்ப்பது? கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, அந்த வாரப் படி வரும் இடத்தை மட்டும் பத்து நிமிடம் எடுத்தால் போதும். அதிலும் ஒரே ஒரு விஷயத்தை ஆசிரியரே எண்ணட்டும். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது எண்ணுவதற்கு மிகப் பொருத்தமானது. மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலோ நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். இதைப் பத்து முறை வாயால் சொல்லலாம், யாரும் நம்ப மாட்டார்கள், எல்லோருக்கும் தான் நிறைய நேரம் காத்திருப்பதாகத்தான் நினைப்பு. பதிவில் தன் குரலே தன் கேள்விக்குப் பதில் சொல்வதைக் கேட்டால் அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. செயலியில் வீடியோ ஓடும்போதே தட்டினால் நொடியை அளக்கும் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது, அதை வடிவமைத்தவருக்கு நன்றி. அது அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

வீடியோ வழியே தூரத்தில் இருந்தபடியே கோச்சிங் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். 'மை டீச்சிங் பார்ட்னர்' என்ற திட்டத்தில் ஆசிரியர்கள் வகுப்பு வீடியோவை அனுப்பினார்கள், கோச்சுகள் அதில் சிறு துண்டுகளை வெட்டிக் கேள்விகளோடு திருப்பி அனுப்பி, பிறகு தொலைபேசியில் பேசினார்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. மாணவர்களின் தேர்ச்சியில் பலன் தெரிந்தது, ஆனால் அது கோச்சிங் முடிந்ததற்கு அடுத்த வருடம். இந்தக் கடைசி விவரத்தை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. ஒரே பருவத்தில் மதிப்பெண் ஏறும் என்று யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

விளம்பரக் கையேட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறும் பயிற்சி வகுப்பில் கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேராது, கோச்சிங்கும் சேர்ந்தால் 95 சதவீதம் போய்ச் சேரும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். இந்த எண் ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரிடமிருந்து வந்தது. 1980களிலிருந்து இந்தத் துறையில் வேலை செய்தவர்கள், சொன்ன கருத்தும் சரியானது. ஆனால் அந்தச் சதவீதங்கள் அவர்களுடைய மதிப்பீடு, ஒரு சோதனையில் அளந்து எடுத்த முடிவு இல்லை. எண்தான் வேண்டும் என்றால் 2018இல் ஆய்வாளர்கள் மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் மூவரும் 60 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டதைக் காட்டியிருக்கலாம். கற்பிக்கும் முறையில் 0.49 திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் இருக்கும் வழக்கமான வித்தியாசத்தை வைத்துப் பலனை அளக்கும் அலகு) முன்னேற்றம், மாணவர் தேர்ச்சியில் 0.18. 95 மாதிரி கண்ணைப் பறிக்காது, ஆனால் கல்வித் துறையில் இது நல்ல அளவு. அதே தொகுப்பில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. திட்டம் பெரிதாகி நிறைய ஆசிரியர்களுக்குப் போகும்போது பலன் கணிசமாகக் குறைகிறது. எத்தனை மணி நேரம் கோச்சிங் கொடுத்தார்கள் என்பதற்கும் பலனுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. அதாவது எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் ஒரு சேவை 'மாதம் இத்தனை மணி நேரம்' என்று அளந்து விற்பது எனக்குப் பிடிபடவில்லை.

இனி கோபம் வரும் இடம். ஒவ்வொரு முறை வகுப்பைப் பார்த்த பிறகும் ஆசிரியருக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் போடச் சொல்கிறது செயலி, பத்துப் பதினைந்து தலைப்புகளில். விருப்பத்துக்கு விட்டிருந்தால் பரவாயில்லை, போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. இந்த மதிப்பெண்கள் நேராக நிர்வாகத்தின் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரிகின்றன. எங்களுக்கு வந்த பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. ஒரு ஆசிரியர், நன்றாக வந்துகொண்டிருந்தவர், திடீரென்று கோச் வகுப்பைப் பார்க்க வரும் நாளில் மட்டும் முன்பே நடத்தி முடித்த பாடத்தைத் திரும்ப நடத்த ஆரம்பித்தார். பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொன்னார்கள், எல்லோரும் கையைத் தூக்கினார்கள், அற்புதமான வகுப்பு. நோட்டைத் திருப்பினால் அதே கணக்கு நான்கு நாளுக்கு முன்பே போட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் வேலை நிரந்தரமாவது இந்தச் சிவப்பு மஞ்சளைப் பொறுத்திருக்கிறது என்று நினைப்பவர் தன் பலவீனத்தை எதற்குக் காட்ட வேண்டும்? கோச்சிங்குக்குத் தேவையே அந்தப் பலவீனம் வெளியே தெரிவதுதான்.

நிறுவனத்திடம் கேட்டோம். மதிப்பெண் பக்கத்தை அணைக்க முடியாது, நிர்வாகத்தின் பார்வையிலிருந்து மட்டும் மறைக்கலாம் என்றார்கள். மறைத்தார்கள், அடுத்த புதுப்பிப்பில் மறுபடி தெரிய ஆரம்பித்தது. திரும்பவும் சொல்லி மறைத்தோம். வாங்குவதற்கு முன்பே இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: யார் யார் எதைப் பார்க்க முடியும், வீடியோ எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும், ஆசிரியர் தன் வீடியோவைத் தானே அழிக்கலாமா. வீடியோவில் பிள்ளைகளின் முகம் இருக்கிறது என்பதால் பெற்றோர் சம்மதம் தனி விஷயம். சேவையின் விதிமுறைப் பக்கத்தில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது. கேமராவைப் பின்பக்கம் வைத்து ஆசிரியரை மட்டும் எடுப்பது பாதுகாப்பு. பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்பதைக் கோச் நேரில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

'சிறு படிகள்' நூலகம் பற்றிச் சுருக்கமாக: வகுப்பு மேலாண்மைக்கும் பொதுவான கேள்வி நுட்பங்களுக்கும் நன்றாக இருக்கிறது, பாடத்துக்குள் போனால் காலி. பின்னத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், ஒளிச்சேர்க்கையில் எந்தத் தவறான எண்ணத்தோடு வருவார்கள், கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே ஏன் நின்றுவிடுகிறார்கள், இதற்கு எதுவும் கிடையாது. கோச் வேறு பாடத்துக்காரராக இருந்தால் இது பெரிய ஓட்டை. வேதியியல் ஆசிரியர் ஒருவர் மொழிப்பாட வகுப்பைப் பார்க்கப் போனால் குரலையும் கரும்பலகையையும்தான் பார்ப்பார், வேறு என்ன செய்வார்? நாங்கள் கண்டுபிடித்த வழி, படியை எழுதுவதற்கு முன் அதே பாடத்தின் மூத்த ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசிவிடுவது. "இந்தப் பாடத்துல பிள்ளைங்க எங்க தப்பு பண்ணுவாங்க?" என்ற ஒரே கேள்வி போதும்.

நிபுணர் விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். முதலில் வந்தவர் எல்லாவற்றுக்கும் அருமை என்று சொல்லிக்கொண்டிருந்தார், மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். இரண்டாவதாக வந்தவர் வேறு ரகம். என் சந்திப்பின் பதிவை ஓடவிட்டு, மொத்த நேரத்தில் கோச் எவ்வளவு பேசினார், ஆசிரியர் எவ்வளவு பேசினார், ஆசிரியர் எழுந்து நின்று எவ்வளவு நேரம் செய்து பார்த்தார் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். பாராட்டுவதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தார். "வகுப்பு நல்லா இருந்தது" வேண்டாம், "அந்தப் பொண்ணு தயங்கினப்ப நீங்க நகராம நின்னீங்க, அவளே பதில் சொன்னா" என்று சொல்லுங்கள், அப்போதுதான் எதைத் திரும்பச் செய்வது என்று அவருக்குத் தெரியும். கோச்சுக்குக் கோச் என்பது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இப்படி ஒருவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீங்கள் வாங்குவதாக இருந்தால் நிபுணரை மாற்றிக்கொள்ளும் உரிமையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள், செயலி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆள்தான் வேறுபடுவார்.

எட்டு வாரச் சுழற்சி என்று ஒரு நாட்காட்டியைத் தானாகப் போட்டுக் கொடுக்கிறது. தேர்வு, விளையாட்டு விழா, விடுமுறை எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு வாரம் தவறினால் சிவப்பில் 'தாமதம்' என்று காட்டி அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அறிவிப்பை அணைத்துவிடலாம். ஒரு படி ஒரு வாரத்தில் கைக்கு வரவில்லை என்றால் அடுத்த வாரமும் அதே படிதான், இதை ஏற்றுக்கொள்ள நாட்காட்டிக்கு மனசில்லை, நாம் ஏற்றுக்கொள்ளலாம். பழைய படி நின்றுவிட்டதா என்று சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு எங்குமே இல்லை என்பதுதான் பெரிய குறை. ஐந்து நோட்டைப் பார்த்தவர், புதுப் படி வந்ததும் பழையதை மறந்து மறுபடி "புரிஞ்சுதா?"வுக்குத் திரும்புவது சர்வ சாதாரணம். நாங்கள் திட்டப் பக்கத்தின் குறிப்பு இடத்தில் போன மாதத்தின் படியை எழுதிவைத்துச் சமாளிக்கிறோம்.

எந்தச் சேவையாலும் தர முடியாதது ஒன்று உண்டு, கால அட்டவணையில் இடம். கோச்சும் புது ஆசிரியரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பாடவேளை வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும், அதில் யாரையும் வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து புது ஆசிரியர்களுக்கு இரண்டு வருட அறிமுகக் காலம், முதல் வருடம் பாடவேளையில் 10 சதவீதம், இரண்டாம் வருடம் 5 சதவீதம் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று விதியாகவே வைத்திருக்கிறார்கள். விதி இல்லாத இடத்தில் யாராவது லீவு போட்ட அன்று முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான். சேவையை வாங்கும் கையெழுத்துக்கு முன்னால் அட்டவணை போடுபவரிடம் இந்தப் பாடவேளையை எழுதி வாங்குங்கள். அவர் முடியாது என்றால் சேவை வேண்டாம்.

யாருக்குச் சரிப்படும்? கோச்சிங் வேலையைப் புதிதாக ஏற்றுக்கொள்ளும் மூத்த ஆசிரியர்களுக்கு, குறிப்பாக நல்ல ஆசிரியராக இருப்பதால் மட்டுமே கோச் ஆக்கப்பட்டவர்களுக்கு, ஒரு வருடம் கட்டாயம் உதவும். அந்த ஒற்றைப் பெட்டியும் ஒத்திகைப் பக்கமும் கையைக் கட்டிப்போட்டுப் பழக்கும். ஏற்கெனவே இதைச் செய்து பழகியவர்களுக்கு நிபுணரின் நேரம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைத்தால் எடுங்கள், செயலி தேவைப்படாது. ஆசிரியர்களை வரிசைப்படுத்தி அறிக்கை தயாரிக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு இது மிகவும் பிடிக்கும், அந்தப் பள்ளியில் வேலை செய்யும் புது ஆசிரியர்களுக்காக வருத்தப்படுகிறேன்.

நாங்கள் அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கிறோமா என்றால், மதிப்பெண் பக்கத்தை முழுமையாக எடுத்துவிட்டால் ஆமாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டால் இருக்கவே இருக்கிறது ஒரு நீள நோட்டு, பக்கத்துக்கு நான்கு கட்டம்: வகுப்பில் மாணவர் என்ன செய்தார் அல்லது எழுதினார், இந்த வாரத்துக்கான ஒரு படி, ஒத்திகையில் நான் சொல்லப்போகும் தவறான விடை, போன மாதத்துப் படி இன்னும் நிற்கிறதா. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சந்திப்பை அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.